ஓதம் ஏறிய சுவர்

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சக ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு சிறிய பிள்ளையார் கோயில் மதிலில் பெயின்டர் ஐயா வரைந்திருந்த படங்கள் உப்புப் பூத்து உரியத் தொடங்கிவிட்டனவாம். "உங்கட சுவர் மட்டுமில்லை மாஸ்டர், அவற்றயும் போச்சு" என்றார். அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் இருந்த ஒரு பாரம் இறங்கியது. நான் மகிழ்ந்தேன். இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்துவிட்டேன். ஆறுதல் என்று எழுதிப் பார்த்தேன், நிம்மதி என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய். ஒரு வயதான மனிதரின் உழைப்பு பாழாய்ப் போனதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். கையிலிருந்த தேத்தண்ணீர்கூட அன்றைக்கு ருசியாக இருந்தது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. அந்தத் தேத்தண்ணீரின் ருசி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சித்திர ஆசிரியர். இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கென்று வரைந்தது மிகக் குறைவு. போன வருடம் நிலாவெளி வீதியில் இருக்கும் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் மடத்துச் சுவரைப் புதிதாகப் பூசினார்கள். 25 அடி நீளம், 12 அடி உயரம். அதில் போர்த்துக்கேயப் பறங்கியர் இடிப்பதற்கு முந்தைய கோணேச்சரக் கோயிலை வரைய வேண்டும், நவராத்திரிக்கு முன் முடிய வேண்டும் என்று பரிபாலன சபை முடிவு செய்தது. முதலில் பெயின்டர் ஐயாவைத்தான் கேட்டார்கள். கடைப் பலகை, வள்ளத்தில் பெயர், கோயில் வாகனம், தேர்ச்சீலை என்று இந்தப் பக்கத்தில் அவர் கை படாத இடம் குறைவு. அவர் கூலி சொன்னார். நியாயமான கூலிதான். நான் கூட்டத்தில் எழுந்து, "எனக்குக் கூலி வேண்டாம், பெயின்ட்டை மட்டும் வாங்கித் தாங்க" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதை ஒரு கொடை என்றே அன்றைக்கு நினைத்தேன். ஒருவருடைய இரண்டு மாதச் சோற்றை அந்தக் கைதட்டலோடு எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வேலை தொடங்கிய பிறகுதான் அதன் கடினம் தெரிந்தது. 1624 க்கு முந்தைய கோயிலை எப்படி வரைவது? அதைக் கண்ட கண் எதுவும் இன்று இல்லை. இருப்பது துண்டு துண்டான சாட்சியங்கள்தான். கோட்டை வாசலில் செதுக்கிய இரட்டை மீன் இருக்கிறது. கோயில் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டைச் சுவர் இருக்கிறது. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் மூழ்கிக் கண்ட தூண்களும் கற்களும் கடலுக்குள் கிடக்கின்றன. 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து எழுந்த செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. இத்தனையையும் சேர்த்து வைத்தாலும் கோபுரத்தின் ஒரு தட்டுக்குக்கூடக் கோடு இழுக்க முடியாது. இப்போது நாம் கும்பிடுவது 1963 இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில்.

நான் பயந்தேன். ஊகித்து வரைந்தால் யாராவது பிழை சொல்வார்கள் என்ற பயம். பழைய கலண்டர் ஒன்றில் இருந்த தமிழ்நாட்டுக் கோபுரம் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டு, அளந்து, அப்படியே பெருப்பித்தேன். அதைப் பிழை என்று யார் சொல்வது? கோபுரம் கோபுரம் மாதிரியே இருந்தது. கடல் மட்டும் அப்படி வரவில்லை. கடலுக்காகப் பதினொரு விடியற்காலை கோட்டைக்குள்ளால் நடந்து மேலே போனேன். மான்கள் அந்நேரம் புல்லில் படுத்தே கிடக்கும், ஆளைக் கண்டு எழும்பாது. பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பேன். பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் தண்ணீர் கருநீலம். அலை பின்வாங்கும்போது மட்டும் அதற்குள் ஒரு பச்சை தெரிந்து மறையும். அந்தப் பச்சையைப் பிடிக்க எத்தனை சிரட்டையில் பெயின்ட் கலந்திருப்பேன்! கடைசியில் ஒருநாள் அது வந்தது. என் வாழ்க்கையில் நான் வரைந்ததில் நல்லது எது என்று கேட்டால், அந்தச் சுவரின் கீழ்ப்பாதியில் இருந்த நாலடிக் கடல் என்றுதான் சொல்வேன்.

அந்த நாட்களில்தான் வகுப்பில் அந்தக் கேள்வி வந்தது. எட்டாம் தரப் பிள்ளைகளுக்குக் கோணமலைப் பதிகத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேச்சரத்தில் நின்றபடியே கோணமலையைப் பாடினார் என்பதுதான் சேக்கிழார் சொல்லும் வரலாறு. பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப சேர், காணாமப் பாடினது பொய்யில்லையா?" என்றாள். குறும்புக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. நான், "அதுதானம்மா பக்தி" என்றேன். வகுப்புக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. காணாத கோபுரத்தைக் கலண்டரைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தவன் அல்லவா நான்.

முதலில் உதிர்ந்தது

நவராத்திரிக்கு முதல் வாரம் வேலை முடிந்தது. வலது கீழ் மூலையில் என் பெயரை எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். வேலை தொடங்கிய நாளில் தேங்காய் உடைத்துக் கும்பிட்டது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அம்மனிடம் என்ன கேட்டேன்? படம் நல்லாய் வர வேண்டும் என்று கேட்டதாகத்தான் நெடுநாள் நினைத்திருந்தேன். நன்றாக யோசித்தால், கண்ணை மூடியதும் எனக்குள் வந்தது படமே இல்லை. படத்தின் முன்னால் ஆட்கள் நின்று பார்ப்பதுதான் வந்தது. அவர்கள் என்னைத் தேடுவதும், யாரோ என்னைக் கைகாட்டுவதும் வந்தது. அதைத்தான் நான் வேண்டினேன். அம்மன் அதைக் கொடுத்தாள் என்றும் சொல்ல வேண்டும். ஒன்பது இரவும் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கைகாட்டினார்கள்.

ஐப்பசியில் மாரி தொடங்கியது. கார்த்திகை முழுவதும் வாடைக் காற்றும் மழையும். மார்கழியில் சுவரின் அடியில் மாவு தூவியது போல வெள்ளையாக ஏதோ படிந்தது. துணியால் துடைத்தேன். நாலு நாளில் திரும்பவும் வந்தது. தைப்பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனபோது பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரல் பட்டதும் செதிலாக உதிர்ந்தது. ஈரம் நிலத்திலிருந்துதான் மேலே ஏறும், ஆகவே கீழே இருப்பதுதான் முதலில் போகும். முதலில் போனது என் பெயர். அடுத்தது கடல். அந்தப் பச்சை இருந்த இடம் ஒரு கிழமைக்குள் வெறும் சாந்தாகிவிட்டது. ஓதம் எட்டாத உயரத்தில் கலண்டர் கோபுரம் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் நின்றது. சபைத் தலைவர் என் மனம் நோகக் கூடாதென்று, "கோபுரம் அச்சொட்டா இருக்குத்தானே மாஸ்டர், கீழ மட்டும் கொஞ்சம் தொட்டு விடுங்க" என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். எனக்கோ யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. நான் செய்யாதது நிற்கிறது, செய்தது போய்விட்டது, அந்த வித்தியாசம் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தோல்வி என்றால் அவமானம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அவ்வளவு எளிமையானதில்லை. அவமானம் சில நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. வீதியில் போகும்போது மற்றவர்களின் சுவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கே உரிந்திருக்கிறது, எங்கே உரியவில்லை என்று கண் தன்பாட்டில் தேடியது. பெயின்டர் ஐயாவின் வேலை எங்கேயாவது பளிச்சென்று இருந்தால் வயிற்றுக்குள் ஒரு எரிவு. அவர் கூலி கேட்டபோது சபையில் யாரோ, "அவற்ற கை வேற" என்று சொன்னது நினைவுக்கு வரும். பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு.

ஏணி

அடுத்த நாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். துக்கம் விசாரிக்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். பார்த்து, மனதில் பதித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். மதிலின் வெளிப்பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் அங்கே நின்றார். ஏணியில் மூன்றாம் படியில் நின்றுகொண்டு தகட்டுச் சுரண்டியால் தன் படத்தைத் தானே சுரண்டிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய மனிதர். தலையில் துவாய். ஏணி மணலில் நின்றதால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆடியது. என்னைக் கண்டதும், "மாஸ்டரா, நல்ல நேரத்தில வந்தீங்க, இதை ஒருக்காப் பிடியுங்க" என்றார். நான் பிடித்தேன்.

அரை மணித்தியாலம் இருக்கும். பிள்ளையாரின் தும்பிக்கை, மோதகம் ஏந்திய கை, மூஞ்சூறு எல்லாம் தூளாகி என் தலையிலும் சட்டையிலும் விழுந்தன. நான் பார்க்க வந்தது அதைத்தான். ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தவாறு நிற்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. அவருடைய குதிக்கால் என் முகத்துக்கு நேரே இருந்தது. வெடித்து, வெடிப்புக்குள் நீலப் பெயின்ட் ஏறியிருந்தது. மனிதருடைய குதிக்காலை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு அவருடைய நட்டத்தில் மகிழ்வது இயலாத காரியம். நான் முயலவில்லை, அது தானாகவே இல்லாமல் போனது. அந்த இடத்தில் வெட்கம் வந்து நின்றது.

"எத்தனையாவது தரம் ஐயா?" என்று கேட்டேன். "இந்தச் சுவரில நாலாவது" என்றார். முகத்தை மட்டும் இன்னும் தொடாமல் விட்டிருந்தார். அதற்கு முன் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் கும்பிட்டார். "சொல்லிப்போட்டுத்தான் சுரண்டுறது" என்றார். நான் கும்பிட்டதற்கும் அவர் கும்பிட்டதற்கும் இருந்த தூரத்தை அங்கே நின்றபடியே அளந்துவிட்டேன். வரையும்போது கும்பிட எனக்கும் தெரியும். அழிக்கும்போது கும்பிட வேண்டும் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

சுரண்டி முடித்து மதில் நிழலில் உட்கார்ந்தோம். பிழை எங்கே என்று விளக்கமாகச் சொன்னார். கரையோரத்தில் சாந்துக்குக் கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் கலந்துவிடுகிறார்கள். சுவருக்குள் ஏறும் ஈரம் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மேலே வந்ததும் ஈரம் காற்றில் போய்விடும், உப்பு போகாது. அது பளிங்காகிப் பெருக்கும்போது பெயின்ட்டைத் தள்ளி உரிக்கிறது. சுவர் மூச்சு விடாதபடி எனாமல் போலத் தடிப்பாகப் பூசியிருந்தால் இன்னும் மோசம். "ஈரத்துணியால துடைச்சிருப்பீங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "அது உப்பைத் திரும்ப உள்ளுக்கு அனுப்புறது மாஸ்டர். காய்ஞ்ச பிறஷ்ஷாலதான் தட்ட வேணும். புதுப்பூச்சு காய முதல் வரைஞ்சதும் பிழை. அவசரப்பட்டுட்டீங்க. சுவர் நல்லா ஓதம் குடிச்சிருக்கு." என் சுவரைப் பற்றித்தான் சொல்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. "நீங்க பார்த்தீங்களா?" என்றேன். அவர் துவாயை உதறிக்கொண்டே, "உரிஞ்சு போச்செண்டு கேள்விப்பட்டுத் தையில ஒருநாள் சைக்கிள்ல வந்து பார்த்தனான்" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நிலாவெளி வீதிக்கு அந்த வயதில் சைக்கிளில் வருவதென்றால் நல்ல தூரம். துக்கத்தோடு வந்தாரா, அல்லது நான் வந்தது போலவே வந்தாரா? அவருக்கு வரவேண்டிய கூலியைத் தடுத்தவன் நான். என்னைவிட அவருக்கு மகிழக் காரணம் இருந்தது. எழும்பும்போது, "அந்தக் கீழ இருந்த கடலில ஒரு பச்சை வைச்சிருந்தீங்க, எதையும் எதையும் கலந்தனீங்க?" என்றார். தையில் அவர் பார்த்தபோது அந்தப் பச்சையில் கையகலம்தான் மிஞ்சியிருந்திருக்கும். ஊரில் அதைக் கண்டவர் அவர் ஒருவர்தான். நான் சொல்லச் சொல்ல, மதிலில் கரித்துண்டால் குறித்துக்கொண்டார்.

பதிகத்தில் இல்லாத கோபுரம்

அன்றிரவு 'ஓதம்' என்ற சொல் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ கேட்ட சொல், சுவரோடு சேர்த்துக் கேட்டதில்லை. பிறகு பிடிபட்டது. தேவாரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதற்பாட்டின் கடைசி அடி: "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." கடலின் அலையும் ஓதம், சுவரில் ஏறும் ஈரமும் ஓதம். சின்ன வயதில் இருந்து ஓதிய பாட்டு. அம்மா விளக்கேற்றும்போது பாடுவா. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை. அந்தப் பாட்டில் ஓதம் முத்தைக் கொண்டுவந்து கொழித்தது. என் சுவரில் உப்பைக் கொண்டுவந்தது.

அப்படியே முழுப் பதிகத்தையும் படித்தேன், அந்தப் பிள்ளையின் கேள்வியை வைத்துக்கொண்டு. நான் தேடியது கோபுரத்தை. அது இல்லை. கோயிலும் சுனையும் கடலும் சூழ்ந்த மலை என்று ஓரடி வருகிறது, அவ்வளவுதான். எத்தனை தட்டு, எத்தனை கலசம் என்று ஒரு சொல் கிடையாது. கடல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சந்தனத்தையும் அகிலையும் மணிகளையும் வாரிக்கொண்டு வரும் கடல், கொடிது என்னும்படி கதறும் கடல், முத்தைச் சுமந்து குடிமனைகளை நெருங்கும் கடல். இராமேச்சரத்துக் கரையில் நின்ற சம்பந்தரின் கண்முன்னால் இருந்தது எது? இதே கடல்தானே. அந்தக் கரையில் மோதியதும் இங்கே மலையடியில் மோதுவதும் ஒரே தண்ணீர். கண்ணுக்கு முன்னால் இருந்ததை அவர் உள்ளபடி பாடினார். கண்ணுக்கு அப்பால் இருந்ததற்குக் கலண்டர் தேடவில்லை. அங்கே அவன் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அதற்குத் தைரியம் வேண்டும். என்னிடம் அது இருக்கவில்லை. தெரியாத இடத்தை வெறுமையாக விட எனக்கு நம்பிக்கை போதவில்லை, ஆகவே இரவல் கோபுரத்தால் அடைத்தேன்.

கிணறு வெட்டும்போது கிடைத்த திருமேனிகளையும் நினைத்தேன். இடிப்பார்கள் என்று தெரிந்து யாரோ அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்திருக்கிறார்கள் என்றே நாம் நம்புகிறோம். 1624 இலிருந்து 1950 வரை 326 வருடம். புதைத்தவர்களின் பிள்ளைகளும் போய், பேரப்பிள்ளைகளும் போய், இடம்கூட மறந்துவிட்டது. மண்ணை மூடிவிட்டு எழும்பியபோது அவர்கள் தோற்றவர்களாகத்தான் எழும்பியிருப்பார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நான் என் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினேன் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, போன தவணை கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன் என்றேன். சம்பந்தர் கடலைக் கண்டார், கண்டதைத்தான் பாடினார், அதனால் அது பொய்யில்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் வீடு கோயிலுக்குப் பின்னால்தான். "அப்ப சேர், நீங்களும் கடலைத்தானே கண்டு வரைஞ்சீங்க? அதெல்லோ உரிஞ்சு போச்சு. கோபுரம் அப்படியே நிக்குது" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. பிள்ளைக்கு அதையே சொன்னேன். இந்த முறை அவள் உட்கார்ந்த விதத்தில் குறை தெரியவில்லை.

பங்குனியில் சபைக்குப் போய் இரண்டு விஷயம் கேட்டேன். கோபுரத்தையும் சேர்த்து முழுச் சுவரையும் கொத்தி எடுக்க வேண்டும், ஆற்று மணல் வைத்துத் திரும்பப் பூச வேண்டும் என்பது ஒன்று. பெயின்டர் ஐயாவுக்கு அவர் முதலில் சொன்ன கூலியைக் கொடுத்து அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டும், நான் அவருக்குக் கீழே நிற்கிறேன் என்பது மற்றது. நல்லாயிருக்கும் கோபுரத்தை ஏன் கொத்த வேண்டும் என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் சம்மதித்தார்கள், கூலியில் பாதியை நான் போடுவதென்று. மாசியில் என்ன நினைத்துக்கொண்டு உப்புவெளிக்கு வந்தேன் என்பதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தையில் அவர் என்ன நினைத்துக்கொண்டு வந்தார் என்பதை அவரும் சொல்லவில்லை. ஒரே சாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கோபுரத்தைக் கொத்தினோம். கொத்த முன் இருவரும் கும்பிட்டோம்.

இப்போது சுவர் வெறும் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கிறது, வெயில் கொளுத்துகிறது, சுவர் காய நல்ல காலம். இந்த நவராத்திரிக்குப் படம் வருமா என்று கேட்பவர்களிடம் சுவர்தான் சொல்ல வேண்டும் என்கிறார் ஐயா. ஒரு முழச் சதுரத்தில் பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். உள்ளே ஈரம் இருந்தால் விடியும்போது பொலித்தீனின் உட்பக்கம் துளிகள் தெரியும். துளி இல்லாத நாளில்தான் பிறஷ்ஷைத் தொடுவது. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் இறங்கிப் பார்ப்பேன். எனக்கு முன்னமே அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு வந்து, கண்ணைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னும் தண்ணி இருக்கு சேர்" என்றாள் இன்று காலையும்.